கெங்கம்மா பெயருக்கு ஒரு 'உள்ளேன்'

மாம்பலம்,
9-10-1933

சேசு மரி சூசை துணை.

அக்காவுக்கு ஃப்ளோரா எழுதுவது.

சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இன்று எனக்கு அதற்கு மனமில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

விடுமுறைக்கு உன் வீட்டில் இருந்துவிட்டு ஜெசிந்தா முந்தாநாள் வந்து சேர்ந்தாள். நேற்றுச் சாப்பிடக் கூப்பிடுகிறேன், திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறேன், இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கடைசியில் சிரித்துக்கொண்டே, "கெங்கம்மான்னு கூப்பிடுங்கம்மா, அப்பத்தான் உள்ளேன் சொல்வேன்" என்கிறாள். என்னடி இது கூத்து என்று கேட்கப்போய்த்தான் எல்லாம் வெளியே வந்தது.

நீ செய்ததை நானே எழுதுகிறேன், சரியா பார். உன் பாடசாலையைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்த அன்று பிள்ளைகள் போதவில்லை. துணையில்லாத வீட்டில் விட முடியாதென்று என் மகளையும் பாடசாலைக்குக் கூட்டிப் போயிருந்தாய். அவள் பூட்ஸைக் கழற்றினாய். ரிப்பனை அவிழ்த்தாய். காதில் கிடந்த தோட்டைக்கூடக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாய். குப்பத்துப் பிள்ளை ஒருத்தியின் சாயம் போன பாவாடையைக் கட்டிவிட்டு, அன்று வராமற்போன ஏதோ மீன்காரி மகளின் பெயரைச் சொல்லி, அந்தப் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நில் என்றாய்.

மடத்துப் பள்ளியில் இங்கிலீஷ் படிக்கிற பெண் அக்கா அவள். அவளைத் தரையில் உட்காரவைத்து மீன்காரி மகளாக்க உனக்கு எப்படி மனம் வந்தது? இவர் காதில் விழுந்தால் என்ன சொல்வார்? ரயில்வே ஆபீஸில் நாலு பேருக்கு முன் தலை நிமிர்ந்து நடக்கிற மனிதர். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது அவள் பெரியம்மா, அதுவும் ஹெட்மிஸ்டிரஸ். இந்தக் கிறிஸ்மஸுக்கு நீ இங்கே வரவேண்டாம். நாங்களும் சாந்தோமுக்கு வருவதாயில்லை.

ஃப்ளோரா

*

சாந்தோம்,
12-10-1933

அன்புள்ள ஃப்ளோராவுக்கு,

நீ எழுதியதில் ஒன்றும் பொய்யில்லை. தோட்டை முடிந்தது கைக்குட்டையில் அல்ல, முந்தானையில். அந்த ஒன்றுதான் பிசகு.

நியாயம் சொல்ல எழுதவில்லை. நடந்ததை என் வாயாலும் நீ கேட்க வேண்டும்.

என் பாடசாலையில் பெயர் எழுதியிருக்கிற பெண்களில் பாதிப்பேர்தான் ஒழுங்காக வருகிறார்கள். பார்வையிடும் நாளில் பாதிக்குக் குறைந்து கண்ணில் பட்டால் மூடிவிட்டு மயிலாப்பூர்ப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று போன வருஷமே எச்சரிக்கை வந்தது. அங்கே குப்பத்துப் பெண்கள் போகமாட்டார்கள். மீன் நாற்றம் என்று தனியே உட்காரவைப்பார்கள் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். ஆக, என் பாடசாலையை மூடினால் இவர்களுக்குப் படிப்பு அதோடு முடிந்தது.

முதல்நாள் குடிசை குடிசையாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் அனுப்புகிறோம் என்றார்கள். மறுநாள் விடியும்போது கரையோரம் நெத்திலி வந்துவிட்டது. இங்கே ஒரு வழக்கம் உண்டு. பெரிய வலை கரைக்கு வரும்போது கயிற்றில் கை வைத்தவர்களுக்கெல்லாம் பங்கு. ஆண், பெண், சிறுசு, பெரிசு என்று பார்ப்பதில்லை. கை வைத்தால் பங்கு, அன்றைக்குச் சோறு. நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். என் வகுப்பில் பாதி வரிசையாகக் கயிற்றில் நின்றது. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்தார்கள். கையை விடவில்லை. விடு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

திரும்பி வந்து எண்ணினால் பாதிக்கு ஒருத்தி குறைந்தாள். மூலையில் ஜெசிந்தா சிலேட்டில் கப்பல் வரைந்துகொண்டிருந்தாள். அங்கமுத்து மகள் தேவானை ஓடிப் போய்த் தன் வீட்டிலிருந்து பாவாடை கொண்டுவந்தாள். நான் கேட்கக்கூட இல்லை, என் முகத்தைப் பார்த்தே போனாள். வராதவர்களில் ஜெசிந்தா வயசுக்கும் உயரத்துக்கும் ஒத்தவள் கெங்கம்மா, பச்சையம்மா மகள். அதனால் அந்தப் பெயர்.

ஒரு தலை கூடினால் போதும் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மாள் படிக்கச் சொல்ல அவளையே எழுப்புவாள் என்று கண்டேனா? ஜெசிந்தா மூன்றாம் புத்தகத்தைத் தட்டாமல் தடுமாறாமல் படித்தாள். கணக்குக்கும் பதில் சொன்னாள். குப்பத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று அந்த அம்மாள் அவள் கன்னத்தைத் தடவினாள். அறையில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. எனக்காகச் சிரிக்கவில்லை. 'பொய் சொல்லாதே' என்று பலகையில் எழுதிப்போட்டு அவர்களை நகல் எழுதவைத்த வாரம் அது.

அந்தப் பாராட்டைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஃப்ளோரா. அதை நினைத்துத்தான் கூசுகிறேன்.

உன் வீட்டுக்காரரிடம் சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம்.

மர்சலின்

*

மாம்பலம்,
17-10-1933

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இவரிடம் சொல்லவில்லை. உனக்காக இல்லை, என் மானத்துக்காக.

ஜெசிந்தாவைச் சுவாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னேன். என்ன பாவம் என்கிறாள். பொய்ப் பெயர் சொன்னது என்றேன். "பேருதானம்மா பொய், படிச்சது நான்தானே" என்கிறாள்.

இன்னொன்றும் கேட்டாள். இன்ஸ்பெக்டர் அம்மாள் பரிசு அனுப்புவதாகச் சொன்னாளாமே, அது எப்போது வரும், யாருக்கு வரும் என்று. கெங்கம்மாவுக்குத்தான் வரும் என்றேன். ராத்திரிச் சோறு வேண்டாமென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உனக்கு நான் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. மடத்தில் அவள் பாதிப் பணம் கட்டி அரைச் சம்பளத்துக்குப் படிக்கிறாள். முழுச் சம்பளத்துப் பிள்ளைகளுக்கு மேஜை உண்டு. அரைச் சம்பளத்துப் பிள்ளைகளுக்குக் கடைசியில் இரண்டு பெஞ்சு. அந்த பெஞ்சை எழுப்பிப் படிக்கச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. மூன்று வருஷமாகப் போய் வருகிறாள். எழுந்து நின்று படித்து ஒருவர் வாயால் நல்ல வார்த்தை கேட்டது உன் பாடசாலையில்தானாம். அதையும் வேறொருத்தி பெயரில்.

ஊரெல்லாம் மடத்துப் பள்ளி மடத்துப் பள்ளி என்று நான் அடித்துக்கொண்ட தம்பட்டம் உனக்குத் தெரியும். அதற்காக உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே.

ஃப்ளோரா

*

சாந்தோம்,
30-10-1933

அன்புள்ள ஃப்ளோராவுக்கு,

அரைச் சம்பளமென்று என்னிடம் சொன்னால் நான் சிரிப்பேனா? சரி, அதைப் பிறகு பேசலாம். இங்கே என் தலைக்கு மேல் வெள்ளம்.

முந்தின வாரம் ஞாயிறு பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வருகிறேன், வாசலில் பச்சையம்மா நிற்கிறாள். கெங்கம்மாவின் தாய். அவர்கள் நம்மைப் போல் வேதக்காரர்கள் இல்லை, கோயில் பக்கம் வரவே மாட்டாள். எனக்காகக் காத்திருந்தாளாம். பனையோலையில் பொதிந்த ஒரு பொட்டலத்தை நீட்டினாள். நெத்திலிக் கருவாடு. "எங்க கெங்காவுக்குப் பெரிய பேரு வாங்கிக் குடுத்துட்டீங்களாமே டீச்சரம்மா. ஊரே சொல்லிக்கினு கீது" என்றாள்.

வலை இழுத்த அன்று அவள் கூடையோடு ஊருக்குள் போயிருந்திருப்பாள். மகள் பாடசாலையில்தான் இருந்தாள் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அப்படியில்லை அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் சுவாமியார், நாலு தெரிந்த மனிதர்கள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். என்னால் அதைச் சமைக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. அடுப்புக்கு மேல் தொங்குகிறது.

மறுநாளிலிருந்து கெங்கம்மா ஒரு நாள் தவறாமல் வருகிறாள். பெரிய வலை வந்தாலும் கயிற்றுக்குப் போகாதே என்று தாய் சொல்லிவிட்டாளாம். அந்தப் பெண்ணுக்கு எழுத்துக் கூட்டவே தெரியாது, ஃப்ளோரா. என் வகுப்பில் இரண்டு வருஷம் பெயர் இருக்கிறது. ஒரு பருவம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை, நானும் உட்காரவைத்ததில்லை. இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள்.

இன்று பரிசு வந்தது. ஒரு சீட்டித் துணி, படம் போட்ட புத்தகம் ஒன்று. நவம்பர் பதினெட்டாம் தேதி அந்த அம்மாளே வந்து தாய்மார்கள் முன்னிலையில் கொடுக்கப் போகிறாளாம். அந்தப் பெண்ணை இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்க ஆசையாம்.

முன்னாலேயே போய் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் பாடசாலை போகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் ஊருக்கு முன்னால் நின்று முழிக்கும். என்ன செய்யட்டும்?

மர்சலின்

*

மாம்பலம்,
4-11-1933

அக்காவுக்கு,

என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். எனக்கே ஒன்றும் ஓடவில்லை. நேற்று நடந்ததை முதலில் கேள்.

வெள்ளிக்கிழமைதோறும் மீன் கொண்டுவருகிறவள் பச்சையம்மாதான் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீதானே அவளை என் வீட்டுக்கு அனுப்பிவைத்தாய். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் ஐயர் வீடுகள். அதனால் சந்து வழியாகக் கொல்லைக் கதவுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கூவக் கூடாது, கதவை இரண்டு தட்டுத் தட்டினால் போதும் என்று ஏற்பாடு. அவளுக்கு மகள் இருப்பதோ அவள் பெயரோ எனக்கு எதற்கு? உன் கடிதம் பார்த்துத்தான் இவள்தான் அவள் என்று புரிந்தது.

நேற்றுக் கூடையை இறக்கினதும் நான் கேட்காமலே கெங்கம்மாவின் பரிசைப் பற்றிச் சொன்னாள். பதினெட்டாம் தேதி கட்டிக்கொள்ளப் பொட்டியிலிருந்து கூறைப்புடவையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாளாம். நான் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனைக்கும் ஜெசிந்தா என் பக்கத்திலேயே நின்றாள். பச்சையம்மா அவளைப் பார்த்து, "பாப்பா எந்த இஸ்கோல்ல படிக்குது?" என்று கேட்டாள். என் மகள் வாயைத் திறக்குமுன் அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டேன். கொசுறு மீன் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

அக்கா, ஒரு யோசனை சொல்கிறேன், திட்டாதே. பதினெட்டாம் தேதிக்கு ஜெசிந்தாவை நானே கூட்டிவருகிறேன். அந்தப் பாவாடையை நானே கட்டிவிடுகிறேன். கெங்கம்மாவுக்கு அன்று காய்ச்சல் என்று எப்படியாவது வீட்டில் நிறுத்திவிடு. பாடசாலையும் பிழைக்கும்.

இதை எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். முதல் கடிதத்தில் உன்னை என்னவெல்லாம் கேட்டேனோ அத்தனையும் இப்போது நானே செய்யத் தயாராயிருக்கிறேன். கிழித்துப் போடலாம் என்றிருந்தது. போடவில்லை. என் லட்சணம் உனக்குத் தெரியட்டும்.

ஃப்ளோரா

*

சாந்தோம்,
21-11-1933

அன்புள்ள ஃப்ளோராவுக்கு,

நீ சொன்ன யோசனையை ஒரு நாள் முழுக்க மனசில் வைத்துக்கொண்டிருந்தேன். நீ மட்டும் என்று நினைக்காதே. அன்று சாயந்தரம் கெங்கம்மா தன்பாட்டில் என் மேஜைக்கு வந்து, "இது சரியா டீச்சர்?" என்று சிலேட்டை நீட்டினாள். தன் பெயரை எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் உனக்குப் பதில் எழுதவில்லை. முன்னதாகப் போய் அந்த அம்மாளிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன், நாள் வந்துவிட்டது.

தாய்மார்கள் சுவரோரம் நின்றார்கள். பச்சையம்மா அரக்குக் கூறைப்புடவையில் வந்திருந்தாள். அந்த அம்மாள் கெங்கம்மா என்று கூப்பிட்டாள். கெங்கம்மா எழுந்தாள். "நீ இல்லையே, அந்தப் பெண் எங்கே?" என்றாள் அந்த அம்மாள். அதற்குள் என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில் "இதான் கெங்கம்மா" என்றார்கள். என் அறையில் அதுவரை சொல்லப்பட்ட உண்மை அது ஒன்றுதான். அதையும் அவர்கள்தான் சொன்னார்கள்.

அந்த அம்மாள் புத்தகத்தை நீட்டினாள். கெங்கம்மா விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டி ஒரு வரி படித்தாள். இரண்டாவது வரியில் ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யார் அந்த இன்னொரு பெண் என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டாள். "என் தங்கை மகள். நான்தான் உட்காரவைத்தேன்" என்றேன். தாய்மார்கள் எல்லோரும் கேட்டார்கள். பரிசு வந்த பைக்குள்ளேயே திரும்பிப் போயிற்று.

எனக்கு ஹெட்மிஸ்டிரஸ் வேலை போயிற்று. புதிதாக ஒருத்தி வருகிறாள். அவள் கீழ் முதல் வகுப்புக்கு உதவி ஆசிரியை நான். பாடசாலைக்குக் கோடை விடுமுறை வரை தவணை. அதற்குள் பிள்ளைகள் நிஜமாக வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

எல்லோரும் போனபின் கடற்கரையில் பச்சையம்மாவைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்கு அன்னிக்கே தெரியும் டீச்சரம்மா. கெங்கா கயித்துப் பங்கு கொண்டாந்துச்சே. அந்தப் பங்கைக் காய வெச்சித்தான் உங்களுக்குக் கருவாடு குடுத்தேன்."

பின்னே எதற்கு எனக்கு நன்றி சொன்னாய் என்றேன். "இன்னா பண்ண சொல்றீங்க? சண்டை போட்டா இஸ்கோல மூடிடுவாங்க. எங்க பொண்ணு பேரைப் பெரிய இடத்துல சொல்லிட்டீங்க. அந்தப் பேரு ஒசரத்துக்குக் கெங்காவையும் ஆக்கிடுவீங்கன்னு பாத்தேன்" என்றாள்.

வேறு இடத்துக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன், அதையும் சொன்னேன். இந்தப் பிள்ளைகள் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்றேன். "நாங்க தெனம் முழிக்கலையா? நீங்க பாட்டுக்குப் போயிட்டா அந்தப் பேரை யாருகிட்ட போயி கேக்கறது?" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த விண்ணப்பத்தை அனுப்பவில்லை. நேற்று முதல் வகுப்பில் தரையில் உட்கார்ந்தேன். கெங்கம்மாவைக் கீழே இறக்கி என் வகுப்பில் போட்டிருக்கிறார்கள். கருவாட்டை இறக்கிக் குழம்பு வைத்தேன். அழுதுகொண்டே தின்றேன் என்றால் நீ நம்பமாட்டாய்.

மர்சலின்

*

மாம்பலம்,
16-12-1933

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு இத்தனை நாளாய் எழுதாமல் இருந்தது கோபத்தினால் அல்ல. போன மூன்று வெள்ளிக்கிழமையும் இரண்டு தட்டுக் கேட்டும் நான் கதவைத் திறக்கவில்லை. வீட்டில் ஆள் இல்லாத மாதிரி உள்ளே உட்கார்ந்திருந்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான். இவர்கூட, என்ன இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை பருப்புக் குழம்பாகவே இருக்கிறது என்று கேட்டார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அரைச் சம்பளத்துக்கு எழுதிக் கொடுத்தது நான்தானே" என்றார். அவ்வளவுதான்.

நேற்றுத் தட்டின சத்தம் கேட்டதும் எனக்கு முன்னால் ஜெசிந்தா ஓடிப் போய்த் திறந்துவிட்டாள். நான் போய்ச் சேர்வதற்குள் கூடைக்கு முன்னால் நின்று, "நான்தான் உங்க பொண்ணு பேர்ல படிச்சேன்" என்று சொல்லிவிட்டாள்.

பச்சையம்மா மீனை எடுத்து வைத்துக்கொண்டே, "தெரியும் கண்ணு. தேவானை அன்னிக்கே வந்து சொல்லிட்டா. ரொம்ப நல்லாப் படிச்சியாமே" என்றாள். அக்கா, ஜெசிந்தாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சொந்தப் பெயரில் அவள் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. அதுவும் அந்த வாயிலிருந்து.

ஜெசிந்தா உள்ளே ஓடித் தன் மூன்றாம் புத்தகத்தைக் கொண்டுவந்து கெங்கம்மாவுக்கு என்று நீட்டினாள். பச்சையம்மா சிரித்துவிட்டாள். "அத்த நீயே வெச்சிக்கோ கண்ணு. அது இன்னும் முதல் புஸ்தகத்துலயே நின்னுக்கினு கீது. டீச்சரம்மா விடமாட்டேங்கறாங்களாம், வலை வந்தாலும் கயித்தண்டையே வந்து உக்காந்துக்கினு சொல்லிக் குடுக்கறாங்களாம்" என்றாள். நீ இதை எனக்கு எழுதவேயில்லை. கடற்கரை மணலில் உட்கார்ந்திருக்கிற உன்னை நினைத்துப் பார்த்தேன். உன் வெள்ளைச் சேலை என்ன கதியானதோ.

எனக்கும் ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. அவள் கூடையைத் தூக்கும்போது, "பச்சையம்மா, இனிமேல் முன்வாசல் பக்கமே வா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எதிர்வீட்டு விஜயலக்ஷ்மி அம்மாளின் முகம் அப்போதே கண்ணுக்கு முன் வந்துவிட்டது. பச்சையம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபமில்லை, கேலியுமில்லை.

"வேணாம்மா, பின்னாலியே வர்றேன். முன்னால வந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றாள்.

கிறிஸ்மஸுக்கு நீ அவசியம் வர வேண்டும். நான் வரவேண்டாம் என்று எழுதியதை மறந்துவிடு. நீ குப்பத்துக்கு முன்னால் எல்லோரும் கேட்க ஒத்துக்கொண்டாய். அதற்குப் பின்னும் தினமும் அங்கே போய் உட்கார்கிறாய். உனக்கு எழுதுவதால் நானும் ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

அவள் பின்னாலேயே வருகிறேன் என்று சொன்னதும் நான் "சரி" என்றேன், அக்கா. ஒரு தரம்கூட வற்புறுத்தவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஃப்ளோரா